மருந்து என்று சொன்னவர் டீ வாங்க வேண்டும்

நம் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் நாளே இந்த விதியை உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சோதனைக்கு எடுக்கும் பொடியை யாராவது வாய் தவறி 'மருந்து' என்று சொல்லிவிட்டால், அறையில் இருக்கும் எல்லோருக்கும் அவர் டீ வாங்கித் தர வேண்டும். சேர்மம் என்று சொல்லலாம், பொடி என்று சொல்லலாம், பாட்டில் மேல் ஒட்டிய எண்ணைச் சொல்லலாம். கோபம் வந்தால் சனியன் என்றும் சொல்லலாம். நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். மருந்து என்று மட்டும் சொல்லக் கூடாது.

இது நான் உண்டாக்கிய விதி இல்லை. எனக்கு ஆய்வு சொல்லிக்கொடுத்த பேராசிரியர் தன் ஆய்வகத்தில் வைத்திருந்தார். அவர் காபி வாங்க வைப்பார். நம் கல்லூரி வாசல் கடையில் காபி என்ற பெயரில் என்ன கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் திருவண்ணாமலைக்கு வந்ததும் அதை டீ ஆக்கினேன். என் பணிக்காலத்தில் நான் செய்த ஒரே சீர்திருத்தம் அதுதான்.

ஓய்வு பெற்றவனைப் பிடித்து அனுபவங்களை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். செல் எப்படி வளர்ப்பது, சாயம் எப்படி ஊற்றுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தவை, அப்போது என்னோடு நின்ற சில மனிதர்கள் செய்த காரியங்கள். நினைத்தால் இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. எழுதுவதற்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஷாகிராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கு அவர் ஷாகிரா மேடம். நுண்ணோக்கி முன்னால் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பவர். எனக்கு அவள் ஷாகிரா. ஆய்வு மாணவியாக அவள் வந்து சேர்ந்தபோது எங்களிடம் இருந்தவை ஒரு பழைய நுண்ணோக்கி, செல் வளர்க்க ஒரு பெட்டி, மின்சாரம் போனால் அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மின்வாரியத்தைத் திட்டுகிற நான். அவளுடைய அப்பாவுக்குக் கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை. நான்கு தலைமுறையாக அதே இடத்தில் இருக்கிறார்கள். கோவிலுக்கு வருகிறவர்கள் சாம்பிராணிக்கும் திப்பிலிக்கும் பாய் கடை எங்கே என்று கேட்டுக்கொண்டு வருவார்கள்.

புற்றுநோய் செல்லுக்கு எதிராக எதைச் சோதிக்கப் போகிறாய் என்று கேட்டேன். போரான் சேர்ந்த சேர்மங்கள் என்றாள். ஏன் போரான் என்று கேட்டதற்கு, பெரிய பெரிய காரணங்களைச் சொல்லிவிட்டுக் கடைசியில் உண்மையைச் சொன்னாள்.

"சின்ன வயசுல கடையில வெங்காரக் கட்டியை எடுத்து, வைரம்னு சொல்லி வெளயாடுவேன் சார். அதுல இருக்கறது போரான்னு காலேஜ்லதான் தெரிஞ்சிது. அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

வெங்காரம் என்ன என்று தெரியாத பட்டணத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தட்டார் நகைக்குப் பற்று வைக்கும்போது போடுகிற வெள்ளைக் கட்டி. நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். ஷாகிரா தயாரித்த பொடி வெங்காரம் இல்லை. அது வேறு அமைப்பு, வேறு குணம். இரண்டிலும் போரான் இருக்கிறது, அவ்வளவுதான் உறவு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஓர் உயிர் இதில்தான் தொங்கியது.

அதற்கு முன் கேரம் போர்டு.

பொடியிலிருந்து எவ்வளவு போரான் செல்லுக்குள் போகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்கான கருவி நம்மிடம் இல்லை. பொடி போட்ட செல்களையும், எதுவுமே போடாத செல்களையும் குழாய்களில் அடைத்துச் சென்னைக்கு அனுப்பினோம். முடிவு வந்தது. பொடி போட்டதில் போரான் இருந்தது. எதுவும் போடாததிலும் இருந்தது!

அப்போது ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துத் துறை நண்பர் ஒருவர் எட்டிப் பார்த்து, "அந்த வெறும் குழாய் ரிசல்ட்டைத் தூக்கிப் போடுங்க, மெஷின் தப்பா இருக்கும்" என்று ஆலோசனை சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். ஆனால் எதுவும் போடாத குழாய் நம்மோடு சண்டை போடாது, நம்மை முகஸ்துதி செய்யவும் செய்யாது. அது சொல்வதைக் கேட்காவிட்டால் வேறு எதைக் கேட்பது? கட்டுரை போனால் போகட்டும் என்று ஷாகிராவே சொல்லிவிட்டாள். தண்ணீரைச் சோதித்தாள். போரான் கலந்த கண்ணாடிப் பாட்டில்களை ஒதுக்கிவிட்டு பிளாஸ்டிக்குக்கு மாறினாள். அப்போதும் கொஞ்சம் குறைந்ததே தவிரப் போகவில்லை.

ஒருநாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல் பக்கத்து அறையில் கேரம் ஆடிக்கொண்டிருந்தோம். நான் சிவப்புக் காயைக் குழிக்குள் தள்ளிவிட்டு, அதற்குக் காவல் காயும் போடப்போகிற நேரம். எதிரே ஷாகிரா ஆட்டத்தைக் கவனிக்காமல் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போர்டில் தூவியிருந்த வெள்ளைப் பவுடரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"சார், இது என்ன பவுடர்?"

"கேரம் பவுடர்."

"டப்பாவுல என்ன போட்டிருக்கு சார்?"

போரிக் பவுடர் என்று போட்டிருந்தது. அதாவது போரான். மதியம் ஆடிவிட்டு வந்து, அதே கையால் குழாய் மூடிகளைத் திறந்து மூடிப் பொட்டலம் கட்டியிருக்கிறோம். உலகத்தில் எத்தனையோ ஆய்வகங்களில் எத்தனையோ தவறு நடந்திருக்கும். கேரம் ஆடி ஆய்வைக் கெடுத்த பெருமை நம் தமிழ்நாட்டுக்கே உரியது. போர்டு அலமாரிக்கு மேலே போனது. அந்த ஆட்டத்தில் நான் ஜெயித்திருப்பேன் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

அதற்குப் பிறகுதான் நம் ஆய்வகத்தில் அந்தப் பழக்கம் வந்தது. செல் வளர்க்கும் குழித் தட்டைக் கையில் எடுத்தால், பொடி போட்ட குழிகளைப் பார்ப்பதற்கு முன் வெறும் குழிகளைப் பார்க்க வேண்டும். நீங்கள் இன்றும் அப்படித்தான் செய்கிறீர்கள். ஏன் என்று கேட்டால் ஷாகிரா மேடம் கேரம் கதையைச் சொல்ல மாட்டார். அதனால் நான் சொல்லிவிட்டேன்.

இனி டப்பா கதை.

ஷாகிராவின் பொடிகளில் ஒன்று புற்றுநோய் செல்களை நன்றாகக் கொன்றது. சாயம் ஊற்றிப் பார்க்கும் சோதனை உங்களுக்குத் தெரியும்: செல் உயிரோடு இருந்தால் மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும், செத்திருந்தால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். பொடி போட்ட குழிகள் எல்லாம் மஞ்சளாக இருந்தன. சந்தோஷம்தான். ஆனால் அது பாதி வேலை. அதே பொடி நல்ல செல்லை என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் முழு வேலை. நல்ல செல்கள் மெதுவாக வளர்கிற ரகம். தட்டு நிரம்பட்டும் என்று காத்திருந்தோம்.

அந்த இடைவெளியில் கல்லூரி ஆண்டு விழா வந்தது. எங்கள் முதல்வருக்குக் கல்லூரியின் பெயர் பத்திரிகையில் வர வேண்டும் என்று ஆசை. அதில் தப்பில்லை; கிராமத்துப் பிள்ளைகள் படிக்கிற கல்லூரிக்குப் பெயர் வந்தால் பிள்ளைகளுக்கு நல்லதுதான். உள்ளூர் நிருபர் ஒருவரைக் கூட்டி வந்தார். இளைஞர், மரியாதையானவர். ஷாகிராவிடம், "போரான்னா என்னங்க, படிக்கறவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்களேன்" என்று கேட்டார். நல்ல கேள்வி. "வெங்காரத்துல இருக்குதே, அதுதாங்க" என்று அவள் சொன்னாள். சரியான பதில். "இன்னும் பாதி சோதனை பாக்கி இருக்கு" என்றும் சொன்னாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் தலைப்பு இப்படி வந்தது: வெங்காரத்திலிருந்து புற்றுநோய்க்கு மருந்து. கீழே, நாட்டு மருந்துக் கடைக்காரர் மகள் சாதனை. பாதி சோதனை பாக்கி என்பது கடைசி வரி. அந்தக் கடைசி வரியை வெட்டிவிட்டு மீதியைப் படம் பிடித்து ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டார்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நல்ல கேள்வியும் சரியான பதிலும் சேர்ந்து ஒரு விபரீதத்தைச் செய்தன. சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற தமிழில் பேசாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பேசத்தான் வேண்டும். ஆனால் எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் போய் உட்காரும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். வெங்காரம் கடையில் கிடைக்கிற பொருள். அதற்குப் பக்கத்தில் மருந்து என்ற சொல் வந்து உட்கார்ந்துவிட்டது.

செய்தி வந்த இரண்டாம் நாள் பௌர்ணமி. ஊருக்குள் பஸ்ஸை விடாமல் வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள். காலையிலேயே மலை சுற்றுகிற கூட்டம் ஆரம்பித்துவிட்டது. எங்கள் நல்ல செல் தட்டு நிரம்பி, பொடியும் போட்டு, சாயம் ஊற்றும் நாள் அன்றைக்குத்தான் வந்தது. ஷாகிரா சாயம் ஊற்றி வைத்துவிட்டு, நேரம் ஆனதும் எடுத்து, ஒப்பிடுவதற்கான புற்றுநோய் செல் தட்டுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தாள். முதலில் வெறும் குழிகளைப் பார்த்தோம். அழகான ஊதா. பிறகு பொடி போட்ட குழிகள். மஞ்சள். ஒன்றுவிடாமல் மஞ்சள். அவளுடைய பொடி புற்றுநோயைக் கொன்ற அதே அளவில் நல்ல செல்லையும் கொன்றிருந்தது.

அவள் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் மறுபடியும் பார்த்தாள். வருடக்கணக்கான உழைப்பு மஞ்சளாகக் கிடக்கும்போது ஆறுதல் சொல்கிறேன் என்று எதையாவது உளறாமல் இருப்பதே மரியாதை. அப்போது அவளுடைய போன் அடித்தது.

"அத்தாதான் சார்" என்று சொல்லி எடுத்தாள். அவள் அப்பா பாயின் குரல் எனக்கும் கேட்டது. கூட்டத்துக்குள் நின்று பேசுகிறவர் கத்தித்தானே பேச வேண்டும்.

"ஷாகிரா, கீழ்பென்னாத்தூர்லேந்து ஒருத்தரு வந்திருக்காரும்மா. வெங்காரம் கேக்குறாரு, ரொம்ப ஜாஸ்தி கேக்குறாரு. எதுக்குன்னா பொஞ்சாதிக்குக் கரைச்சிக் குடுக்கன்றாரு. நான் குடுக்கலை. இட்டுகினு வரேன், நீ அங்கியே இரு."

பௌர்ணமியன்று அந்தக் கடையில் எவ்வளவு கூட்டம் நிற்கும் என்பது திருவண்ணாமலைக்காரர்களுக்குத் தெரியும். பாய் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு, வேங்கிக்கால் பக்கம் இருக்கும் எங்கள் கல்லூரி வரைக்கும் அந்த மனிதரை நடத்தியே கூட்டி வந்தார். உள்ளே வந்ததும் என்னைத் தனியாக இழுத்து மெதுவாகச் சொன்னார்.

"இல்லைன்னு சொல்லியிருப்பேன் சார். சொன்னா அடுத்த கடைக்குப் போவாரு. அங்க எதுக்குன்னு கேக்க மாட்டாங்க. அதான், 'எங்கிட்ட இருக்கற சரக்கு சரியில்லை, வா, கண்டுபுடிச்ச பொண்ணையே கேட்டுடலாம்'னு இட்டாந்துட்டேன்."

அந்த ஒரு நிமிடத்தில் பாய் எடுத்த முடிவை நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்துவது சுலபம். சாத்தின கதவிலிருந்து அந்த மனிதர் வேறு எந்தக் கதவுக்குப் போவார் என்று யோசிக்கிறவர்கள் குறைவு. பாய்க்கு நான் பட்டிருக்கிற கடன் இந்தப் பிறவியில் தீராது.

வந்தவர் பெயர் ஏழுமலை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிறவர். வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை. பைக்குள்ளிருந்து ஓர் எவர்சில்வர் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். துலக்கிப் பளபளவென்று இருந்தது. உள்பக்கம் ஈரம் இல்லாமல் துடைத்து எடுத்து வந்திருந்தார்.

"மருந்து வாங்கிக்கினு போலாம்னு வந்தேங்க" என்றார். "எம் பொஞ்சாதி பச்சையம்மாவுக்கு. மார்ல கட்டி. ஆஸ்பத்திரில ஊசி போடறாங்க. ரெண்டு தபா போட்டாச்சி. முடியெல்லாம் கொட்டிப்போச்சி, வாயெல்லாம் புண்ணு, தண்ணி குடிச்சாலும் வாந்தி. மூணாவது ஊசிக்கு இட்டுகினு போவலைங்க. பேப்பர்ல பாத்தேன். இதைக் குடுத்து சரி பண்ணிக்கலாம்னு."

அந்த டப்பாவை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்குக் கோபமும் வந்தது, சொல்லிவிடுகிறேன். நிருபர் மேல், முதல்வர் மேல், வாட்ஸ்அப் மேல். அந்தக் கோபத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் ஏழுமலையிடம் கத்தியிருப்பேன். நல்லவேளையாக ஷாகிரா முந்திக்கொண்டாள். "வாங்க, முதல்ல இதைப் பாருங்க" என்று இரண்டு தட்டுகளையும் அவர் முன் நகர்த்தினாள்.

"இன்னாது, பணியாரக் கல்லு கணக்கா இருக்குது?"

"ஆமாங்க. இந்தத் தட்டுல இருக்கறது புற்றுநோய். இந்தக் குழியில நான் ஒண்ணும் போடலை, ஊதாவா இருக்குது பாருங்க. ஊதான்னா உசுரோட இருக்குதுன்னு அர்த்தம். இந்தக் குழியில எம் பொடியைப் போட்டேன். மஞ்சளா இருக்கா? செத்துப்போச்சி."

"அதான்மா வேணும். அதைத்தான் கேக்குறேன்."

"இருங்க. பக்கத்துத் தட்டுல இருக்கறது நல்லது. நம்ம ஒடம்புல நோவில்லாத எடத்துல இருக்கற மாதிரி. இதுலயும் எம் பொடியைப் போட்டேன். இன்னிக்குக் காலையிலதான் பாத்தேன்."

ஏழுமலை குனிந்து பார்த்தார். இந்தத் தட்டைப் பார்த்தார், அந்தத் தட்டைப் பார்த்தார்.

"இதுவும் மஞ்சளா இருக்குதே."

"ஆமாங்க."

"களைக்கு மருந்து அடிச்சா பயிரும் சேந்து கருகிப்போன மாதிரி."

"அதேதாங்க."

அவர் வாயில் அந்தச் சொல் வந்தபோதுதான் என் பேராசிரியர் ஏன் காபி வாங்க வைத்தார் என்பது எனக்கு முழுசாக உறைத்தது. நம் ஊரில் காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, வயலில் அடிப்பதும் மருந்து. ஒருவன் மருந்து குடித்துவிட்டான் என்று சொன்னால் ஓடுகிறோம். அந்தச் சொல்லுக்கு இரண்டு பக்கமும் கூர். நாம் தட்டில் பார்ப்பது அது கொல்லுமா என்பதை மட்டும்தான். காப்பாற்றுமா என்பது வேறு கேள்வி. அதற்கு இன்னும் எவ்வளவோ தூரம் போக வேண்டும்.

சரி, புரிந்துகொண்டார், காரியம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். அவசரப்பட்டுவிட்டேன். ஏழுமலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப ஆஸ்பத்திரி ஊசி மட்டும் என்னாங்க அய்யா? அதுவும்தான் நல்லதையும் சேத்துக் கொல்லுது. இல்லன்னா முடி ஏன் கொட்டுது, வாய் ஏன் புண்ணாவுது? அதுக்கும் இதுக்கும் இன்னா வித்தியாசம்? இதையாவது ஊட்லயே குடுத்துடலாமே."

பிள்ளைகளே, எத்தனையோ வாய்மொழித் தேர்வுகளில் நான் கேள்வி கேட்டிருக்கிறேன். அதைவிடச் சரியான கேள்வி ஒன்று என் நினைவில் இல்லை. பாய் என்னைப் பார்த்தார். நான் ஷாகிராவைப் பார்த்தேன். அவளுடைய ஆய்வுக்கு அன்று காலைதான் சாவுமணி அடித்திருக்கிறது. பத்திரிகையில் போட்ட படம் இன்னும் அறிவிப்புப் பலகையில் தொங்குகிறது. அவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க கேக்கறது நெசந்தாங்க. ஆஸ்பத்திரி ஊசியும் நல்லதைக் கொல்லுது. ஆனா அதைப் போட்டுக்கினவங்க எத்தனையோ ஆயிரம் பேரு. எவ்ளோ போட்டா ஒடம்பு தாங்கும், எத்தனை நாள் விட்டு அடுத்தது போடணும், முடி எப்ப மொளைக்கும், எல்லாம் பாத்துப் பாத்துக் கத்துக்கினு இருக்காங்க. எம் பொடியை உலகத்துல ஒரு மனுஷன்கூட சாப்பிட்டதில்லை. சாப்பிட்டா என்னாவும்? எனக்குத் தெரியாதுங்க."

"உனுக்கே தெரியாதாம்மா?"

"தெரியாதுங்க. செஞ்சது நாந்தான். எனக்கே தெரியாது. வெங்காரத்தைக் கரைச்சிக் குடிச்சா என்னாவும்னு மட்டும் தெரியும். அவங்க இப்ப இருக்கற ஒடம்புக்கு அது வெஷங்க."

அறிவியலில் ஒருவர் சொல்லக்கூடிய கஷ்டமான சொல் தெரியாது என்பதுதான். அதை யாரும் கேட்காதபோது அடக்கமாகச் சொல்லிவிடலாம். நம்மை நம்பி டப்பா துடைத்து எடுத்து வந்தவர் முகத்துக்கு நேரே, நம் பெயர் பத்திரிகையில் இருக்கும்போது, நாமே செய்த பொருளைப் பற்றிச் சொல்வது வேறு. அன்றைக்கு ஷாகிரா சொன்னதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு நான் வழிகாட்டி என்று கையெழுத்துப் போடுவதற்கே வெட்கமாக இருந்தது.

ஏழுமலை டப்பாவின் மூடியைத் திறந்தார், மூடினார். பிறகுதான் உண்மையான காரணம் வந்தது.

"நான் போவ வேணாம்னு சொல்லலைம்மா. அதுதான் அழுவுது. 'என்ன இட்டுகினு போவாத, ஊட்லயே கெடக்கறேன்'னுது. நான் இன்னா பண்ணுவேன்?"

எந்த ஆஸ்பத்திரி, யார் டாக்டர் என்று கேட்டு, ஷாகிரா அங்கே போன் போட்டாள். பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த மருத்துவர் அம்மா தன் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று பிறகு கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் பதற்றப்படவில்லை.

"அவரை வெறுங்கையோட அனுப்பிடாதீங்க சார். வெறுங்கையோட போறவங்க வழியில கெடைக்கறதை வாங்கிக்கினு போயிடுவாங்க. போனை அவர்கிட்ட குடுங்க."

போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தோம். ஊசிக்கு ஏன் வரவில்லை என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பச்சையம்மா என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். கஞ்சி இறங்குகிறதா, மோர் இறங்குகிறதா என்று கேட்டார். "வாந்திக்கு வேற மாத்திரை இருக்குது, மாத்தித் தரேன். வாய்ப்புண்ணுக்கும் தரேன். நாளைக்குக் காலையில இட்டுகினு வாங்க. ஊசி வேணாம்னா வேணாம்னு அவங்களே எங்கிட்ட நேர்ல சொல்லட்டும், நான் கேட்டுக்கறேன்" என்றார்.

"திட்ட மாட்டீங்களேம்மா?" என்று கேட்டார் ஏழுமலை.

"எதுக்குத் திட்டறேன்? காலையில வாங்க."

பாய் அங்கேயே நின்றுகொண்டு கீழ்பென்னாத்தூரில் தனக்குத் தெரிந்த வேன்காரருக்குப் போன் செய்து மறுநாளைக்கு ஏற்பாடு செய்தார். ஏழுமலை டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். வெறும் டப்பாதான். ஆனால் வெறுங்கையோடு போகவில்லை.

அவர் போனதும் நானும் ஷாகிராவும் நேராக முதல்வர் அறைக்குப் போனோம். நல்ல செல்லும் சாகிறது என்று மறுப்பு கொடுக்க வேண்டும் என்றோம். "இப்பத்தான் நாலு பேர் பாராட்டியிருக்காங்க, இப்பப் போயி மறுப்பா?" என்று அவர் முகம் சுருங்கியது. ஷாகிரா டப்பா கதையைச் சொன்னாள். கடைசி வரை கேட்டுவிட்டு, மேசைமேல் வைத்திருந்த பத்திரிகையை மடித்து இழுப்பறைக்குள் போட்டார். நிருபரைத் தானே கூப்பிட்டுப் பேசினார். முதல்வர் மேல் எனக்கு இருந்த கோபம் அன்றோடு போய்விட்டது. மறுப்புச் செய்தி ஓர் ஓரத்தில் சின்னதாக வந்தது. அதைவிட அதிகம் பேர் படித்தது பாய் கடையில் தொங்கிய அட்டையைத்தான். ஓர் அட்டைப்பெட்டியின் பக்கத்தைக் கிழித்துக் கொட்டை எழுத்தில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்: வெங்காரம் புற்றுநோய்க்கு மருந்து அல்ல, தின்னக் கேட்டால் கிடைக்காது.

ஷாகிரா இரண்டு தட்டுகளின் முடிவையும் சேர்த்தே எழுதினாள். ஆரவாரமில்லாத கட்டுரை. வெளியிட ஆள் கிடைக்க நாளானது. நல்ல செல்லை விட்டுவைக்கிற மாதிரி அந்தப் பொடியின் அமைப்பை மாற்றும் வேலையை அப்போது ஆரம்பித்தவள் இன்னும் செய்துகொண்டிருக்கிறாள். நீங்கள் வந்து சேர்ந்திருப்பது அந்த வேலைக்குத்தான்.

பச்சையம்மா ஊசிக்குப் போனாரா என்பது வெகுநாள் எங்களுக்குத் தெரியாது. மருத்துவரைக் கேட்கலாம்; நோயாளியைப் பற்றி அவர் நம்மிடம் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. பாயிடம் கேட்டால், வேன் காலையில் போனது என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. ஷாகிரா கேட்க மாட்டாள். ஆனால் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். நான் கவனித்திருக்கிறேன்.

மல்லாட்டை பிடுங்கி முடித்த சமயம். ஒரு காலை நேரத்தில் கதவு திறந்தது. முன்னால் ஒரு அம்மா, பின்னால் ஏழுமலை. அம்மாவின் தலையில் முடி அப்போதுதான் கிராப்பு வெட்டிவிட்ட பையனுக்கு இருப்பதுபோல் அடர்த்தியாக முளைத்திருந்தது. முந்தானையால் மூடிக்கொள்ளவில்லை. கையில் அதே எவர்சில்வர் டப்பா.

"ஊசியெல்லாம் முடிஞ்சிதுங்க. ஆபரேசனும் ஆச்சி. இனிமே அப்பப்ப வந்து காட்டிட்டுப் போனா போதும்னுட்டாங்க" என்றார் ஏழுமலை. சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பச்சையம்மா டப்பாவை ஷாகிராவின் கையில் கொடுத்தார். "அன்னிக்கு வெறும் டப்பாவா அனுப்பிச்சீங்களாமே. அதான் ரொப்பி எடுத்தாந்தேன்." திறந்தால் மல்லாட்டை உருண்டை, வெல்ல வாசனையோடு.

ஷாகிரா டப்பாவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். பச்சையம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார். பாட்டில்கள், பெட்டிகள், நுண்ணோக்கி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"எனுக்குக் குடுக்காத மருந்து எதுங்க அய்யா? அதை ஒரு தபா பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

மாணவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வந்தவர்கள் அந்தச் சொல்லைச் சொன்னாலும் நான் விடமாட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியும். பெரிய பேராசிரியர் ஒருவரையே டீ வாங்க வைத்திருக்கிறேன்.

"ஷாகிரா," என்றேன், "அம்மாகிட்ட அந்த மருந்தை எடுத்துக் காட்டும்மா."

ஷாகிரா குளிர்பெட்டியிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்து வந்தாள். பச்சையம்மா அதை வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கு எல்லோருக்கும் டீ நான்தான் வாங்கினேன்.